மிதிவண்டிக்காரருக்கு ஆற்றுணா

'ஆறு' என்றால் வழி. வழியில் உண்பதற்குக் கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்கு நம் முன்னோர் 'ஆற்றுணா' என்று பெயர் வைத்தார்கள். முன்றுறை அரையனார் இயற்றிய பழமொழி நானூற்றில் இச்சொல் வருகிறது. நன்கு கற்றவனுக்கு எந்த நாடும் சொந்த நாடே, அவனுக்கு ஆற்றுணா தேவையில்லை என்பது அப்பாட்டின் கருத்து. கற்றவனுக்கு வேண்டாம், சரி. சைக்கிள் மிதிப்பவனுக்குக் கட்டாயம் வேண்டும்.

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். போய்வர 140. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நம் வீட்டுப் பிள்ளைகள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பாக்கெட் பிஸ்கட், அவ்வளவுதான். போகும்போது பறக்கிறார்கள். திரும்பும்போது பூதலப்பட்டு வருவதற்குள் கால் துவண்டு, கண் இருட்டி, புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் தாய்மார்கள் பதறுகிறார்கள். இதற்குக் காரணம் தெரிந்துகொள்வது நல்லது.

வியாபாரி பாஷையில் சொல்கிறேன். உடம்பில் இரண்டு வகைச் சொத்து உண்டு. கொழுப்பு என்பது நிலபுலன் மாதிரி. ஒல்லியான ஆளிடமும் பல நாளைக்குக் காணும், ஆனால் அவசரத்துக்கு விற்றுக் காசாக்க முடியாது. கிளைகோஜன் என்பது கல்லாப்பெட்டி ரொக்கம். தசையிலும் ஈரலிலும் சேர்த்து 400, 500 கிராம்தான் இருக்கும். வேகமாக மிதித்தால் இரண்டு மணி நேரத்திலும், நிதானமாக மிதித்தால் இன்னும் சற்றுக் கழித்தும் பெட்டி காலியாகிவிடும். காலியான பிறகு சாப்பிட்டால் உடனே தேறாது. ஆகவே பசிக்குமுன் சாப்பிட வேண்டும். கிளம்பிய முக்கால் மணியிலேயே தொடங்கிவிடலாம்.

எவ்வளவு? மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து அல்லது சர்க்கரை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. மணிக்கு இரண்டு பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் அதிகம் வாங்காது. பழச்சர்க்கரையும் கலந்திருந்தால் பழகிய வயிறு 90 வரை வாங்கும். வெல்லம் இந்த இரண்டையும் சேர்த்தே தருகிறது. சித்தூர் வெல்ல மண்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, விலை கூடிய வெளிநாட்டுப் பசைப் பொட்டலம் எதற்கு என்பது என் கேள்வி.

இனி குடிநீர். வெயிலில் மிதிப்பவனுக்கு மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கு மேலும் வியர்க்கும். வியர்வையோடு உப்பும் போகிறது. அதை விட்டுவிட்டு வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம், உயிராபத்து வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம்தான் இது அதிகம்.

உப்பும் சர்க்கரையும் ஜோடியாகப் போனால்தான் குடல் தண்ணீரைச் சுருக்காக உள்ளே இழுக்கும். 1960-இல் ராபர்ட் கிரேன் இதை விளக்கினார். 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனோபிஸ் இதே உப்புச் சர்க்கரை நீரை வாய்வழி கொடுத்துக் காலராவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தார். அதுதான் ஓ.ஆர்.எஸ்.

நம் பானகம் இதற்கு நெருங்கிய சொந்தம். ஆனால் கோயிலில் கொடுக்கிற மாதிரி திக்காக வேண்டாம். அதிக இனிப்பு வயிற்றிலேயே தங்கி 'திம்'மென்று ஆகிவிடும். லிட்டருக்கு 60, 70 கிராம் வெல்லம், அரை டீஸ்பூனுக்கு மேற்படாமல் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்கு. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாவிட்டால் பாட்டில் மூக்கு அடைத்துக்கொள்ளும். நீர்மோரில் உப்பு உண்டு, இனிப்புக் குறைவு. கூட ஒரு வாழைப்பழம் சேருங்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். கரும்புச்சாறு ரொம்ப இனிப்பு, அந்த ஐஸ் எந்தத் தண்ணீரோ யார் கண்டது?

புறப்படுவதற்கு இரண்டு மணி முன்னால் நாலைந்து இட்லி போதும். நெய் மிதக்கும் பொங்கல் வேண்டாம். இளவயதில் பாத்திர மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு இந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் மிதித்தவன் நான். கேழ்வரகுக் கூழும் மோரும்தான் அன்றைய ஆகாரம். கூழாக இருந்தால் நல்லது. களியாக உருட்டி விழுங்கினால் ஏற்றத்தில் தெரியும். வழியில் கடலை மிட்டாய், பேரீச்சை நல்லவை. வடையும் பரோட்டாவும் திரும்பி வந்த பிறகு.

எங்களைப் போலச் சூரியன் மறைந்தபின் உண்ணாத சமணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 'பிரெவே' என்னும் நெடும்பயணத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கெடு. காலை 6-க்குக் கிளம்பினால் இரவு 7.30 வரை ஆகலாம். கடைசி ஒரு மணி நேரத்துக்கு உரியதை அந்திக்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும். அப்படி முடியாது என்று தோன்றினால் தூரத்தைக் குறையுங்கள்.

அளவு சரியா என்று பார்க்கத் தராசு போதும். போகும்முன்னும் வந்தபின்னும் எடை போடுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பு, வெல்லக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குள் வீடு சேருங்கள். கூட வருகிறவன் பேச்சுக் குழறி, உடம்பு கொதித்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.