வெளிநாட்டுக் கம்பெனி எதைப் பார்த்து நம்ம ஊருக்கு வருது?



செய்யாறு, வெம்பாக்கம் பக்கம் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. “மேடம், டிவியில அந்நிய முதலீடு வருது வருதுன்னு சொல்றாங்களே, அது யார் பணம்? ஏன் நம்ம ஊருக்கு வருது? வந்தா போகாதா?” நல்ல கேள்வி. நம் பிள்ளைகள் பல பேர் அந்தப் பணத்தில்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

வெளிநாட்டுப் பணம் இரண்டு வழியில் உள்ளே வரும். ஒன்று, ஷேர் மார்க்கெட்டில் போடுவது. இன்றைக்குப் போட்டு நாளைக்கே எடுத்துக்கொண்டு போய்விடலாம். இன்னொன்று, இங்கேயே இடம் பிடித்து, ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, ஆள் எடுத்துத் தொழில் நடத்துவது. இதற்கு நேரடி முதலீடு என்று பெயர். 1991-இல் மத்திய அரசு புதிய தொழில் கொள்கை கொண்டுவந்த பிறகுதான் இது பெரிய அளவில் வர ஆரம்பித்தது. கொரியாவின் ஹுண்டாய் கம்பெனி 1996-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது, 1998-இல் அங்கிருந்து கார் வெளியே வந்தது.

சரி, எதைப் பார்த்து வருகிறார்கள்? பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் கடை போடுகிற அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பதினாலு கிலோமீட்டர் பாதையில் எங்கே வேண்டுமானாலும் விரிப்பை விரித்துவிட மாட்டார். கூட்டம் எங்கே நின்று போகும், தண்ணீர் பக்கத்தில் இருக்கா, வெளிச்சம் உண்டா, யாருக்கு எவ்வளவு காசு கட்டணும், பாதி ராத்திரியில் வந்து எழுப்பி விட்டுவிடுவார்களா, இதையெல்லாம் பார்த்துத்தான் இடம் பிடிப்பார். கோடிக்கணக்கில் பணம் போடுகிறவனும் இதே கணக்கைத்தான் போடுகிறான். அவன் விரிப்பு கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். செய்யாறு சிப்காட்டில் தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் ஷூ கம்பெனி 2000-களின் நடுவில் வந்தது. அமெரிக்காவின் நைக்கி கம்பெனிக்கு அங்கே ஷூ செய்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் பல ஆயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள். தைவான்காரருக்கு நம்ம வெம்பாக்கம் எப்படிக் கண்ணில் பட்டது? சென்னைத் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி சில மணி நேரத்தில் போய்விடும். சிப்காட் மூலமாக அரசே இடம், ரோடு, கரண்ட், தண்ணீர் ஏற்பாடு செய்து தருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பல தலைமுறையாகக் காலணித் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2005-இல் வந்த சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தில் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்து வருஷம் வருமான வரியே இல்லை, அடுத்த ஐந்து வருஷம் பாதி வரி. (2020 மார்ச்சுக்குப் பிறகு தொடங்கிய புதுக் கம்பெனிக்கு இந்தச் சலுகை கிடையாது.)

இதற்கெல்லாம் மேலே ஒரு காரணம் உண்டு, அதை மேடையில் யாரும் பேசுவதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது படித்து வீட்டில் இருந்த நம் பெண் பிள்ளைகள்தான் அந்தக் காரணம். “இங்கே ஆள் கிடைக்கும்” என்று அவன் கணக்கு எழுதும்போது உங்கள் மகளைத்தான் எழுதுகிறான்.

அடுத்தது நம்பிக்கை. உங்கள் குழுவுக்கு பேங்க் கடன் கொடுக்கும் முன் என்ன பார்க்கிறது? கூட்டம் ஒழுங்காக நடக்குதா, தீர்மானப் புத்தகம், பேரேடு சரியா, பழைய கடன் கட்டியாச்சா என்று பார்த்து கிரேடிங் போடுகிறது இல்லையா? நாட்டுக்கும் இப்படி கிரேடிங் உண்டு. எஸ் அண்ட் பி என்ற நிறுவனம் 2007-இல் இந்தியாவுக்குப் போட்ட மார்க்கை 2025 ஆகஸ்டில்தான் ஒரு படி உயர்த்தியது. பக்கத்தில் இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நிறுத்தியது. வாராக்கடன் வைத்த குழுவுக்கு பேங்கில் என்ன மரியாதையோ அதேதான் அந்த நாட்டுக்கும் நடந்தது.

சட்டம் அடிக்கடி மாறினாலும் முதலீட்டுக்காரன் பயப்படுவான். கடனைக் கட்டி முடித்து ரசீதும் வாங்கிய பிறகு, “பழைய வட்டி விகிதம் தப்பு, பத்து வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டு” என்று பேங்க் சொன்னால் எப்படி இருக்கும்? 2012-இல் மத்திய அரசு வரிச் சட்டத்தை 1962 முதலே செல்லும் என்று பின் தேதியிட்டுத் திருத்தியது. அது வெளிநாடுகளில் பெரிய கெட்ட பெயரை வாங்கித் தந்தது. 2021-இல் அரசே அதைக் கைவிட்டது.

வரித் தகராறு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நோக்கியா சாட்சி. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்க ஆரம்பித்தார்கள். நம்ம மாவட்டத்திலிருந்தும் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். 2013-இல் வருமான வரித்துறையோடு வழக்கு, பிறகு மாநில வணிக வரித்துறையும் பாக்கி கேட்டது. தொழிற்சாலை சொத்து முடக்கப்பட்டது. அந்த நேரம் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் செல்போன் தொழிலை விலைக்கு வாங்கியது, ஆனால் வழக்கில் மாட்டிய இந்தத் தொழிற்சாலையை மட்டும் விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் செட்டில்மென்ட் பணத்தோடு வீடு திரும்பினார்கள். வரி வழக்கு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். டச் போன் வந்த பிறகு நோக்கியா போனே விற்கவில்லை. மார்க்கெட் போனால் முதலீடும் போகும். 2021-இல் ஃபோர்டு கார் கம்பெனி மறைமலைநகரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததற்கும் தொடர்ந்து வந்த நஷ்டம்தான் காரணம்.

தொழிலாளர் சட்டத்தையும் பார்த்துத்தான் வருகிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா நிறைவேறியது. புதிதாக வரும் கம்பெனிகள் வேலை நேரத்தில் நெகிழ்வு எதிர்பார்க்கின்றன என்று அமைச்சர் தரப்பில் காரணம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 12 மணி நேர வேலை, போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்றால் கைக்குழந்தை உள்ள பெண் எப்படிப் போவாள்? இந்தக் கேள்வி அந்தக் கணக்கில் இல்லை.

அதே சமயம், பெண்கள் பேசினால் கணக்கு மாறவும் செய்யும். 2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் பல பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை சில வாரம் மூடிக் கிடந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்ல விடுதி இல்லாவிட்டால் ஆள் நிற்காது, ஆள் நிற்காவிட்டால் முதலீடு நிற்காது என்பது இன்றைக்கு அரசுக்கும் புரிகிறது.

கடைசியாக நிலம். முதலீட்டுக்காரன் வில்லங்கம் இல்லாத இடம் கேட்பான். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றுப்பட்டு ஊர்களில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப் போவதாக வந்ததும் 2023-இல் விவசாயிகள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். நவம்பரில் கைது நடந்தது, ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மேல் போட்டதைச் சில நாளில் விலக்கிக்கொண்டார்கள். முப்போகம் விளைகிற நிலத்துக்கு வாயும் வயிறும் உண்டு, அதை சைட் மேப்பில் பார்க்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள். நிலத்துக்கான நஷ்டஈடு பெரும்பாலும் பட்டாவில் பேர் உள்ளவருக்குத்தான் வரும். களை எடுத்த, நாற்று நட்ட நம்மில் எத்தனை பேர் பெயர் பட்டாவில் இருக்கிறது?

“இத்தனை லட்சம் கோடி முதலீடு” என்று செய்தி வந்தால் அது ஒப்பந்தக் கையெழுத்தா, கட்டி முடித்த ஷெட்டா என்று கேளுங்கள். 2024 ஜனவரியில் சென்னை மாநாட்டில் 6.64 லட்சம் கோடிக்குக் கையெழுத்தானது. கையெழுத்து போட்ட அன்றே வேலை வந்துவிடாது.

உங்கள் மகளோ மருமகளோ கம்பெனி வேலைக்குப் போகிறவளாக இருந்தால் மூன்று பேப்பர் வீட்டில் இருக்க வேண்டும்: வேலை ஆர்டர், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை. வேலை ஆர்டரில் கம்பெனி பெயர் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி மூடினால் பணம் யாரிடம் கேட்பது என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது. நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தால் அதில் குறித்த தேதிக்குள் ஆட்சேபணையை எழுதியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். அடுத்த மாத ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு இந்தப் பேப்பர்களின் ஜெராக்ஸைக் கொண்டுவந்தால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கலாம்.