வேரும் நீரும் – 9: ஏப்ரலில் எழுதப்படும் தலையெழுத்து

2016 ஏப்ரல் 12. மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு ரயிலில் வந்து சேர்ந்தது தண்ணீர். பத்து வேகன்களில் ஐந்து லட்சம் லிட்டர். அனுப்பி வைத்த ஊர் சாங்லி மாவட்டத்து மிரஜ். ஊர் குடிக்கவே தண்ணீர் ரயிலேறி வந்த அந்த நாட்களில்தான், சாங்லி, சோலாப்பூர், நாசிக் வட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் கொடிகளை ஒட்ட வெட்டி மொட்டையடிக்கும் வேலை நடக்கும். ஏப்ரல் கவாத்து என்று அதற்குப் பெயர். அறுவடை அடுத்த பிப்ரவரி, மார்ச்சில்தான். அதற்குள் மழைக்காலம் ஒன்று வந்துபோய்விடும். அப்படியிருக்க, கோடையில் காயும் கொடியைப் பார்த்து விவசாயி ஏன் பதற வேண்டும்?

பதற வேண்டிய காலமே அதுதான். குளிர்நாட்டுத் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்துத் தானாக உறங்கிவிடும். தக்காணத்தில் அந்த உறக்கம் கிடையாது. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரலில் வெட்டியதும் புதுக் கிளைகள் கிளம்புகின்றன. அவற்றின் ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒரு மொட்டு. அக்டோபரில் மறுபடி வெட்டும்போது அந்த மொட்டுகள் விழித்துக் குலை தள்ள வேண்டும். ஆனால் குலை தள்ளுமா என்பது அக்டோபரில் முடிவாவதில்லை. ஏப்ரல் கவாத்துக்குப் பிறகு ஏறக்குறைய 40 முதல் 60 நாட்களுக்குள், மொட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு திசுத் திரள் குலையாவதா, வெறும் பற்றுச்சுருளாவதா என்று பிரிந்துவிடுகிறது. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. அக்டோபர் கவாத்துக்கு முன் கிளையை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, மொட்டைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லி, எத்தனையாவது கணுவில் குலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கத்தரி வைப்பவர்கள் நாசிக்கில் ஏராளம்.

இதில் ஒரு நுட்பம். கவாத்துக்குப் பிந்தைய முதல் 40 நாட்கள் கிளை வளரத் தண்ணீர் தாராளமாக வேண்டும். இலை பெருகினால்தான் மொட்டுக்குச் சாப்பாடு. அடுத்த 20 நாட்களில் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறது புனே அருகே மாஞ்சரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம். கொழுந்து ஓடிக்கொண்டே இருந்தால் மொட்டு பின்தங்கிவிடும். லேசான தாகம் அந்த ஓட்டத்தை நிறுத்தும். வறட்சி ஆண்டில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிறது. தண்ணீர் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில் கிணறு வறண்டிருக்கும். குறைக்க வேண்டிய ஜூனில் மழை கொட்டத் தொடங்கும். டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கிக் கொடிக்கு விட்டவர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரித்திருக்கலாம். அவர்கள் காப்பாற்றியது அடுத்த வருடத்து வருமானத்தை.

அக்டோபருக்குப் பிறகு வரும் தட்டுப்பாடு வேறு வகை. பூக்கும்போது தண்ணீர் தவறினால் பூ கொட்டி, குலை பொக்கையாக நிற்கும். பிஞ்சுப் பருவத்தில் தவறினால் மணி சிறுத்துவிடும். காய் பச்சையாக இருக்கும்வரை அதற்கான நீர் பெரும்பாலும் வேரிலிருந்து ஏறும் குழல்கள் வழியாகவே வருகிறது. தாகம் முற்றினால் இலைகள் அந்தக் காயிலிருந்தே நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அப்போது சிறுத்த மணியைப் பின்னால் எவ்வளவு தண்ணீர் விட்டும் முழுப் பருமனுக்குக் கொண்டுவர முடியாது. காய் இளகி நிறம் மாறத் தொடங்கியதும், சர்க்கரை வரும் குழல்களே நீரையும் கொண்டுவருகின்றன. வேரின் தாகம் காயை அவ்வளவாகத் தாக்குவதில்லை. இலை காய்ந்து உதிரும் அளவுக்குப் போனால் கதை வேறு. சர்க்கரை ஏறாது, நிழல் இழந்த குலை வெயிலில் வெந்துபோகும். அந்தப் பதற்றத்தில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிட்டாலோ மணி வெடிக்கும்.

ஏற்றுமதிக்குப் போகும் தாம்சன் விதையில்லாத் திராட்சையில் 16, 18 மில்லிமீட்டர் பருமனுள்ள மணியை எதிர்பார்க்கிறார்கள் வாங்குபவர்கள். அதற்குக் குறைந்தால் உள்ளூர்ச் சந்தை, அல்லது தாஸ்காவ் பக்கம் உலர்திராட்சை. அதே நாசிக் மாவட்டத்தில் ஒயின் திராட்சை போடுகிறவருக்குச் சிறிய மணி வரம். நிறமும் துவர்ப்பும் மணமும் பெரும்பாலும் தோலில் இருப்பவை. மணி சிறுத்தால் சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடுகிறது. ஒருவருடைய நஷ்டம் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தரம்!

கொடிக்குத் தாகமா என்பதை எப்படி அறிவது? அனுபவசாலி கொழுந்தைப் பார்ப்பார். நீர் போதுமான கொடியில் பற்றுச்சுருள்கள் கொழுந்து நுனியைத் தாண்டி விறைத்து நீளும். தாகம் தொடங்கினால் முதலில் தொய்வது அவைதான். பிறகு நுனி வளர்ச்சி நின்று, கடைசியில் அடியிலைகள் மஞ்சளாகும். ஆராய்ச்சியாளரிடம் இருப்பது 1965-இல் ஷோலாண்டர் குழுவினர் அறிமுகப்படுத்திய அழுத்தக் கலம். இலையைக் காம்போடு வெட்டி, காம்பின் நுனி மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி கலத்துக்குள் அடைத்து, வாயுவைச் செலுத்துவார்கள். வெட்டுவாயில் ஒரு துளி சாறு பளபளக்கும் கணத்தில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். தாகம் எவ்வளவோ, அவ்வளவு அழுத்தம் தேவைப்படும். (உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளையைப் பறிக்க அந்தக் குழு துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தியது!)

தாகத்தை வேண்டுமென்றே ஊட்டிப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். 1990-களில் பீட்டர் டிரை, பிரையன் லவேஸ் ஆகியோர் ஒரே கொடியின் வேர்களில் ஒரு பாதிக்கு மட்டும் நீர் விட்டு, மறுபாதியைக் காயவிட்டார்கள். சில நாட்கள் கழித்துப் பக்கம் மாற்றினார்கள். காய்ந்த வேர் அப்சிசிக் அமிலத்தை மேலே அனுப்ப, இலைத்துளைகள் பாதி மூடிக்கொண்டன. நனைந்த பாதியோ கொடியை வாடாமல் காத்தது. ஏறக்குறைய பாதி நீரில் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை என்று அந்தச் சோதனைகள் காட்டின. பிற இடங்களில் பிறகு நடந்த சோதனைகள் எல்லாம் அதே பலனைத் தரவில்லை. மண் வகைக்கு மண் வகை மாறுகிறது; சொட்டுக்குழாயும் இரட்டையாகப் போட வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலைமை தனி. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே ஆண்டு முழுக்கச் சந்தைக்கு வருகிறது. ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பழம். முல்லைப் பெரியாற்று நீர் குறையும் ஆண்டில் எந்தத் தோட்டத்துக்கு என்ன சேதம் என்பதைத் தோட்டம் தோட்டமாகத்தான் சொல்ல முடியும்.

மகாராஷ்டிர விவசாயி கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, வறட்சியையும் உப்பையும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் தாம்சனை ஒட்டுக்கட்டுவது. அது நல்ல வழி. இன்னொன்று, பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை. மழைநீரைப் பிடிக்கத்தான் அரசு மானியம் கொடுத்தது. ஆனால் பல குட்டைகள் ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரம்புகின்றன. பாறைக்கடியில் பத்திரமாக இருந்த நீர் மேலே வந்து கோடை வெயிலில் ஆவியாகிறது. குட்டை வெட்ட வசதியுள்ளவரின் கொடி பிழைக்கிறது. வசதியில்லாத பக்கத்து நிலத்துக்காரரின் கிணறு இன்னும் கீழே போகிறது. அந்தக் கிணறுகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)