வேட்டி மடிப்பு எங்கே போனது?

பெரியப்பாவின் சதாபிஷேகத்தில் எடுத்த படம். கோயில் வாசல், உச்சி வெயில். முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழேதான் வில்லங்கம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் சுண்ணாம்புச் சுவர் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டன. சட்டைப் பையில் இருந்த பேனாவும் வேட்டியின் பச்சைக் கரையும் மட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. எடுத்தவன் நான்தான்.

ஸ்டூடியோவில் கொடுத்து, "கொஞ்சம் டார்க் பண்ணிக் குடுங்க தம்பி" என்றேன். கம்ப்யூட்டரில் இழுத்துக் காட்டினார். வேட்டி வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாறியதே தவிர, ஒரு மடிப்புகூடத் தலைகாட்டவில்லை. "பர்ன் ஆயிடுச்சு சார். உள்ள இருந்தாத்தானே எடுக்க முடியும்?" என்றார்.

உள்ளே இருந்தது எங்கே போனது? கேமராவின் சென்சார் தபால்தலை அளவுள்ள ஒரு சிலிக்கான் தகடு. போனில் அதைவிடச் சிறியது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள். ஒளித்துகள் விழுந்தால் எலக்ட்ரான் கிளம்பும். அதைக் குழி சேர்த்துவைக்கும். தெருக்குழாயடியில் குடங்களை வரிசையாக வைத்த மாதிரிதான். ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான் குழாய் திறந்திருக்கும் நேரம். பெரிய கேமராவின் குழி ஒன்று பல பத்தாயிரம் எலக்ட்ரான்களைத் தாங்கும்; போனின் குழிக்குச் சில ஆயிரத்திலேயே வாய் நிறைந்துவிடும்.

நிறைந்த குடத்தில் மேலும் ஒரு செம்பு ஊற்றினாலும் பத்துச் செம்பு ஊற்றினாலும் கணக்கு ஒன்றுதான். ஜேபெக் படத்தில் அந்தக் கணக்கு 0 முதல் 255 வரை. வழிந்த குடங்கள் எல்லாமே 255. வேட்டி மடிப்பு என்று நாம் பார்ப்பது பக்கத்துப் பக்கத்துக் குடங்களின் நீர்மட்ட வித்தியாசத்தை. எல்லாக் குடமும் விளிம்பைத் தொட்டுவிட்டால் வித்தியாசத்துக்கு எங்கே போவது? தம்பி அந்த 255-ஐ 220 ஆக்கினார். எல்லா இடமும் சேர்ந்து 220 ஆனது, அவ்வளவுதான்.

நிறம் வந்தால் சங்கதி இன்னும் சிக்கலாகும். சென்சார் தானாக நிறம் பார்க்காது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, குழிகளின் தலையில் வண்ணக் கண்ணாடி மாதிரி வடிகட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஆக, மூன்று வகைக் குடங்கள், மூன்று வேகத்தில் நிறைகின்றன. வெயிலில் நிற்பவரின் நெற்றியில் முதலில் வழிவது சிவப்பு. அது நின்றுவிட, பச்சை ஏறிக்கொண்டே போகும். சிவப்போடு பச்சை சேர்ந்தால் மஞ்சள். தோல் சட்டென்று மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆகி, பிறகு வெளிறுவது இதனால்தான். அஸ்தமனப் படங்களில் சூரியனைச் சுற்றி வரும் பொருந்தாத மஞ்சள் வளையமும் இதே கோளாறுதான். அரக்குப் பட்டும் செவ்வந்தி மாலையும் இன்னும் ஏமாற்றும்: மொத்த வெளிச்சக் கணக்கு ஒழுங்காகவே இருக்கும், சிவப்பு மட்டும் முட்டிக்கொண்டு நூலும் இதழும் மெழுகிவிட்டதுபோல் ஆகிவிடும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச வரைபடம், காட்டும் வசதி கேமராவில் இருந்தால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. வரைபடம் வலது சுவரில் போய் ஒட்டி நின்றால் வழிகிறது என்று அர்த்தம்.

ஃபிலிம் காலத்து ஆட்களுக்கு இது உறைக்கச் சற்றுக் காலமானது. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கூடக் கூடப் பதிவு மெல்ல மெல்லத்தான் களைக்கும். ஒன்றிரண்டு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) அதிகமானாலும் பிரிண்ட் போடுபவர் ஏதோ சமாளித்துவிடுவார். குறைந்தால்தான் ஆபத்து. அதனால் நிழலுக்கு வெளிச்சம் பார்த்து எடு என்பது அவர்கள் பாடம். டிஜிட்டலில் பாடம் தலைகீழ். இருட்டில் ஏதாவது மிஞ்சும்; வெள்ளையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் வெளிறும் தொல்லை டிஜிட்டலோடு பிறந்ததில்லை. 1850-களின் கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசிந்தன. கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெளுப்பு. பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே செய்த தந்திரம் எளியது: வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ், அடிவானத்தில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். இன்று பல போன்கள் பொத்தானை அழுத்தியதும் படபடவென்று பல படங்களை எடுத்து ஒன்றாக்குகின்றன; வெள்ளை வழியாதிருக்க வேண்டுமென்றே இருட்டாக எடுத்தவையும் அவற்றில் உண்டு. லெ கிரேயின் வேலைதான். கண் சிமிட்டும் நேரத்தில் முடிகிறது. ஆடிக்கொண்டிருக்கும் மரக்கிளை மட்டும் சில சமயம் இரட்டையாகத் தெரியும்.

சரி, கேமரா ஏன் ஏமாறுகிறது? வெளிச்சமானிக்குப் பொருள் தெரியாது. தான் பார்ப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல், ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புவது, என்று ஒரு குருட்டு நம்பிக்கை அதற்கு. பரதநாட்டிய மேடையில் சுற்றிலும் கறுப்புத் திரை. "ஐயோ, இருட்டு" என்று கேமரா ஒளியை அள்ளிக் கொட்டும். விளக்கடியில் நிற்கும் பெண்ணின் முகம் மாவாகிவிடும். அங்கே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைக் கழித்தலில், ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப், வைக்க வேண்டும். போனில் இன்னும் சுலபம்: திரையில் முகத்தைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் சின்னச் சூரியன் வரும், அதைக் கீழே இழுக்கலாம். என் படத்தில் நடந்தது இதன் தம்பி. பெரியப்பாவின் கறுத்த முகத்துக்கு அளந்தேன், வேட்டியை மறந்தேன்.

அதற்காக எல்லாவற்றையும் இருட்டாக எடுத்துத் தள்ளினாலும் தண்டனை உண்டு. ஒளித்துகள்கள் மழைத்துளி மாதிரி ஒழுங்கில்லாமல் விழுபவை. 10,000 துகள் விழ வேண்டிய குழியில் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும், அதாவது 1 சதவீதம். 100 துகள்தான் என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். நிழலைத் தூக்கிவிடும்போது தெரியும் பொரிப்பொரியான மணல் பெரும்பாலும் இதுதான். வழியாத அளவுக்கு நிறைப்பதே கெட்டிக்காரத்தனம்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வழி இருந்திருக்கும். 14 பிட் ராவில் 16,384 படிகள். மூன்று நிறத்தில் ஒன்று வழியாமல் தப்பியிருந்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் மென்பொருள் ஊகிக்கும். ஜேபெக்கில் அந்தப் பிடிமானமும் சொற்பம். இப்போது செயற்கை நுண்ணறிவு மடிப்புகளை அழகாக வரைந்தே தருகிறது. தம்பியும் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது யாருடைய வேட்டியோ. வேண்டாம் என்றேன்.

கடைசியில் கைகொடுத்தது அத்தை மகன் போன். அதே நிமிடத்தில் எடுத்தது, இருட்டாக இருந்ததால் யாரும் சீண்டவில்லை. தம்பி நிழலைத் தூக்கிவிட்டுப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் மாட்டியிருக்கிறோம். பெரியப்பாவின் காதோரம் மணல் தூவியதுபோல் இருக்கிறது. வேட்டியில் இஸ்திரி மடிப்பு தெரிகிறது. பேனா சட்டைப் பைக்குள் இருக்கிறது.