பிறக்கும்போதே பிள்ளைத்தாய்ச்சி! ரோஜாச் செடிப் பூச்சியைப் பற்றித் தெரியுமா?

நோர்வூட் பக்கம் லயத்து இஸ்தோப்பு ஓரமாகப் பழைய டின்னிலும் ஓட்டை வாளியிலும் ரோஜா, பெகோனியா, ஜெரேனியம் வளர்க்காத வீடு அபூர்வம். அந்த ரோஜாவின் இளந்தண்டில் பச்சைப் பச்சையாக அப்பிக் கிடக்கிறதே அசுவினி, அது ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும் என்று தெரியுமா? முட்டைகூட இல்லை, நேரே குட்டி! அதைவிட ஆச்சரியம், அந்தக் குட்டி பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும். தாய்க்குள் மகள், மகளுக்குள் பேத்தி! திங்கட்கிழமை நாலைந்தாக இருந்தவை ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்டையே மூடிவிடுவது இதனால்தான்.

அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்பது தெரியுமா? அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டியே விடும்! தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் கல் வைத்து அதன்மேல் ஏற்றுங்கள். எறும்பு ஏறாவிட்டால் பாதி வேலையைப் பொறிவண்டே முடித்துவிடும்.

வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியின் கதை இன்னும் விசித்திரம். சாறு உறிஞ்சுவது பெண்ணும் குஞ்சுகளும்தான். வளர்ந்த ஆணுக்குச் சிறகு உண்டு, வாயே கிடையாது! இந்த மாவுப்பூச்சி, செதில்பூச்சிக் குடும்பத்தை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றவர் எர்னஸ்ட் கிரீன். நம் பூண்டுலோயாவில் தோட்டத் துரையாக இருந்தவர். இலங்கைச் செதில்பூச்சிகளைப் பற்றி 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக அவர் எழுதிய நூலில் பூண்டுலோயாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது!

மாவுப்பூச்சியின் உறவுக்காரப் பூச்சி ஒன்று நம் நாட்டுக்கு உதவியது தெரியுமா? சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது அவர்கள் தேடிய சாயப்பூச்சி அல்ல, வேறு இனம், நல்ல சாயம் தரவில்லை. ஆனால் காடுபோல் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை உறிஞ்சியே அழித்தது! பிறகு அதைத் தென்னிந்தியாவுக்கும், 1860களில் அங்கிருந்து இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். ஒரு களையை ஒழிக்க நாடு விட்டு நாடு பூச்சியைக் கொண்டுபோய் வெற்றி கண்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை!

இனி வருவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம். தேயிலைக் கொழுந்துகளை நூலால் சேர்த்துக் கட்டி உள்ளே இருந்து தின்னும் புழு ஒன்று ஒருகாலத்தில் மலைநாட்டையே கலங்கடித்தது. தலவாக்கலை சென் கூம்ஸ் தேயிலை ஆராய்ச்சி நிலையம் என்ன செய்தது தெரியுமா? 1935, 36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டது! புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் குளவி அது. அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். மருந்து அடிக்காமலே புழு அடங்கியது.

பிறகு 1950, 60களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற கடும் நஞ்சைத் தெளித்தார்கள். அந்த வண்டு மரத்தைத் தின்பதே இல்லை, தெரியுமா? தண்டுக்குள் சுரங்கம் தோண்டி, தன் வாய்ப் பையில் கொண்டுவந்த பூஞ்சையை அங்கே பயிரிட்டுச் சாப்பிடும் விவசாயி அது! நஞ்சு அந்த வண்டோடு நிற்கவில்லை, நல்ல குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த கொழுந்துப் புழு மறுபடி பெருகிவிட்டது! ஒரு பூச்சியை அழிக்கப் போய் இன்னொன்றை வளர்த்துவிட்ட அந்தக் கதையை வீட்டில் செடி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொழுந்துத் தோட்டத்து மருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்து ரோஜாவுக்கு அடிக்கவே அடிக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இஸ்தோப்பு அது!

வேறு என்ன செய்வது? ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் போதும். பூச்சியின் மேல்தோல் பாதுகாப்பைக் கரைத்து அதைக் காயவைத்துவிடும். பூச்சிமேல் பட்டால்தான் வேலை செய்யும் என்பதால் இலையின் அடிப்பக்கத்தை விடாதீர்கள். வெயில் தாழ்ந்த பிறகு அடித்து, சற்று நேரத்தில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மாவுப்பூச்சியைச் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். வெயில் மாதங்களில் இலை புள்ளி புள்ளியாக வெளிறி, மெல்லிய வலை தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பேன். எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை! பூச்சி மருந்து அதைப் பெருக்கியும் விடலாம். இலைகளின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செடியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பச்சை அசுவினிகளுக்கு நடுவே ஊதிப்போய், பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் ஒன்று தென்படுகிறதா? அதற்குள் ஒரு குட்டிக் குளவி வளர்கிறது! முதுகில் வட்டத் துளை இருந்தால் அது வெளியே வந்து அடுத்த அசுவினியைத் தேடிப் போய்விட்டது என்று அர்த்தம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சவர்க்காரத் தண்ணீரைக்கூட ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.