கஞ்சா வழக்கில் சிக்கிய வண்டி: உரியவர் கைக்குத் திரும்புமா?

சோழவந்தானில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். கொடிக்காலில் பறித்த வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கிக் கூடையில் கட்டுவார்கள். இந்த வெற்றிலைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கூடக் கிடைத்திருக்கிறது. ஆனால், எவ்வளவு பேர் பெற்ற வெற்றிலையானாலும் வாடினால் விலை போகாது. சீக்கிரம் சந்தைக்குப் போக வேண்டும். அதற்கு வண்டி வேண்டும்.

அந்த ஊரில் ஒருவர் கடன் வாங்கி, மக்கள் ‘குட்டி யானை’ என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரை அமர்த்தி, மதுரைக்கு வெற்றிலை அனுப்புகிறார். ஒரு நாள் வழியில் ஒருவன் கை காட்டுகிறான். டிரைவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொள்கிறார். கொஞ்ச தூரம் போனதும் போலீசார் வண்டியை மறிக்கிறார்கள்.

அவன் பையில் இருந்தது கஞ்சா!

அவன் கைதாகிறான். வண்டியும் போலீஸ் நிலையத்துக்குப் போகிறது. வீட்டில் இருந்த சொந்தக்காரருக்குச் செய்தி வருகிறது. வெற்றிலை வாடினால் ஒரு நாள் நஷ்டம். வண்டி நின்றுவிட்டால்? கடன் கொடுத்தவர் தவணையை நிறுத்துவாரா?

இது கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கின்றன.

இரண்டும் ஒன்றல்ல

“வண்டியைப் பறிமுதல் செய்துவிட்டார்கள்” என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது சரியல்ல. போலீசார் செய்வது கைப்பற்றுதல். அதாவது, வழக்குக்காகப் பிடித்து வைப்பது. பறிமுதல் என்பது வண்டியே சர்க்காருக்குச் சொந்தமாகிவிடுவது. அதைச் செய்ய வேண்டியது கோர்ட்டு. பிடித்த நாளில் இருந்து ஒரு மாதம் ஆகும் முன்பு பறிமுதல் உத்தரவு போடக்கூடாது. வண்டி என்னுடையது என்று வருகிறவரின் பேச்சைக் கேட்காமலும் போடக்கூடாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 63-வது பிரிவு இதைச் சொல்கிறது. இந்தச் சட்டம் 1985-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அமலுக்கு வந்தது.

ஆனால் அதே சட்டத்தின் 60-வது பிரிவு கடுமையானது. போதைப்பொருள் கடத்திய வண்டி பறிமுதலுக்கு உரியது என்கிறது அது. தப்ப வேண்டுமானால், “எனக்குத் தெரியாமல் நடந்தது” என்று சொந்தக்காரர் சொன்னால் மட்டும் போதாது. அதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். அவருடைய ஆளுக்கும், வண்டியை ஓட்டியவருக்கும் தெரியாது என்று காட்ட வேண்டும். எல்லோரும் தக்க எச்சரிக்கையோடு இருந்தார்கள் என்றும் காட்ட வேண்டும். வீட்டில் இருந்தவருக்கு இது லேசான காரியமா?

அது வழக்கு முடிவில் வரும் கேள்வி. வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டி எங்கே நிற்பது?

வெயிலும் மழையும்

போலீஸ் நிலையங்களின் வாசலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். டயர் இறங்கி, கண்ணாடி உடைந்து, சீட்டுக்குள் செடி முளைத்த வண்டிகள்! இப்படி நிற்பதால் யாருக்கும் லாபம் இல்லை. வண்டிகளை நீண்ட காலம் போலீஸ் நிலையத்தில் போட்டு வைக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் வாங்கிக்கொண்டு, தக்க நிபந்தனையுடன் கொடுத்துவிடுங்கள் என்று 2002-ம் ஆண்டிலேயே குஜராத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

அது பொதுவான வழக்குகளுக்குச் சொன்னது. போதைப்பொருள் வழக்கு என்றதும் கோர்ட்டுகள் தயங்கின. தயக்கத்திலும் நியாயம் உண்டு. கடத்தல்காரனே சொந்தக்காரனாக இருந்தால், இன்று வாங்கிப்போன வண்டியில் நாளைக்கே மறுபடியும் கஞ்சா ஏற்றமாட்டானா?

சோப்புப் பெட்டியில் ஹெராயின்

அசாம் மாநிலத்தில் 2023 ஏப்ரலில் ஒரு லாரியைப் போலீசார் சோதனை போட்டார்கள். சோப்புப் பெட்டிக்குள் 24.8 கிராம் ஹெராயின் இருந்தது. விசாரணையில், லாரியில் ஏறி வந்த வேறு ஒரு ஆள்தான் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கப்பட்டான். சொந்தக்காரர் மீதும் டிரைவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை. ஆனாலும் லாரி கிடைக்கவில்லை. தவணையில் வாங்கிய லாரி. அதுதான் தன் பிழைப்பு என்றார் அவர். கீழ்க்கோர்ட்டிலும் ஐகோர்ட்டிலும் மனு தள்ளுபடி ஆயிற்று.

2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் சஞ்சய் கரோல், மன்மோகன் இருவரும் லாரியைக் கொடுக்கச் சொன்னார்கள். அப்போது அவர்கள் நான்கு விதமான நிலைமைகளைப் பிரித்துக் காட்டினார்கள். பொருள் சொந்தக்காரரிடமே பிடிபடுவது ஒன்று. அவருடைய டிரைவர் அல்லது கிளீனரிடம் பிடிபடுவது மற்றொன்று. இந்த இரண்டிலும் வண்டி சுலபமாக வராது. மூன்றாவது, திருடிய வண்டியில் பிடிபடுவது. நான்காவது, ஏறி வந்த வெளியாளிடம் பிடிபடுவது. இந்த இரண்டிலும் சாதாரணமாக வண்டியைக் கொடுத்துவிடலாம்.

சோழவந்தான் வெற்றிலை வண்டி நான்காவது ரகம்.

இது இரும்புக் கட்டாயம் அல்ல, வழக்கைப் பார்த்துக் கோர்ட்டு வேறு விதமாகவும் முடிவு செய்யலாம் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்பது அதே ஆண்டில் தெரிந்தது.

இரும்புத் தகடும் ஆறு கிலோவும்

இது தமிழ்நாட்டு லாரி. சத்தீஷ்கரில் இருந்து ராணிப்பேட்டைக்கு இரும்புத் தகடு ஏற்றி வந்தது. 2024 ஜூலையில் மறித்துப் பார்த்தபோது 6 கிலோ கஞ்சா அகப்பட்டது. டிரைவர் உள்பட 4 பேர் மீது வழக்கு. சொந்தக்காரர் பெயர் அதில் இல்லை.

அவர் தஞ்சாவூர் சிறப்புக் கோர்ட்டில் லாரியைக் கேட்டார். கிடைக்கவில்லை. ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு வந்தார். 2022-ம் ஆண்டு வந்த புதிய விதிகளின்படி, இப்படிப்பட்டவற்றைப் போதைப்பொருள் அழிப்புக் குழுதான் கவனிக்க வேண்டும், அங்கே போங்கள் என்று சொல்லப்பட்டது.

வண்டியைக் கேட்டு ஒருவர் கோர்ட்டுக்கு வருகிறார். கோர்ட்டோ குழுவைக் காட்டுகிறது. வண்டி யாருடையது, அவருக்குக் குற்றத்தில் பங்கு உண்டா என்பதைக் குழு விசாரிக்குமா?

2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா இருவரும் இதற்குப் பதில் சொன்னார்கள். விதிகள் வந்துவிட்டதால் சிறப்புக் கோர்ட்டின் அதிகாரம் போய்விடவில்லை. வண்டியை இடைக்காலமாகக் கொடுப்பதா என்பதை அந்தக் கோர்ட்டே முடிவு செய்யலாம். லாரியும் சொந்தக்காரருக்குத் திரும்பியது. குற்றவாளிகளில் டிரைவரும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள்! லாரி நிறைய இரும்பை ஏற்றி அனுப்புகிறவர், 6 கிலோ கஞ்சாவுக்காக லாரியையும் சரக்கையும் பணயம் வைப்பாரா?

என்ன செய்ய வேண்டும்?

போலீஸ் நிலைய வாசலில் நின்று கெஞ்சுவதில் பயன் இல்லை. வழக்கு நடக்கும் சிறப்புக் கோர்ட்டில் வக்கீல் மூலம் மனுப் போட வேண்டும். மதுரையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்றே சிறப்புக் கோர்ட்டு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்கான பிரிவுகள் 451, 457. 2024 ஜூலை முதல் தேதி வந்த புதிய சட்டத்தில் அவை 497, 503.

ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பர்மிட், சரக்கு ஏற்றிய பில் எல்லாம் காட்ட வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டியை வாங்கிப் பணமும் கொடுத்துவிடுவார்கள். பெயர் மாற்ற மட்டும் மறந்துவிடுவார்கள். ஆர்.சி. புத்தகத்தில் வேறு ஒருவர் பெயர் இருந்தால், முதல் கேள்வியே, “நீங்கள் யார்?” என்பதுதான்.

உத்தரவு கிடைத்தாலும் வண்டி முழுச் சுதந்திரமாக வராது. அசாம் லாரியை முதலில் வீடியோவும் படமும் எடுக்கச் சொன்னார்கள். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது. கோர்ட்டு கேட்டால் ஒரு வாரத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கடைசியில் பறிமுதல் என்று தீர்ப்பானால், வண்டியை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால், கொடுத்த நாளில் அது என்ன விலை பெற்றதோ, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும்.

இத்தனைக்கும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கைக்கு வரும்.