சவப்பெட்டிகளோடு கப்பலேறிய தம்பதி

பாடசாலையில் வரலாறு படித்தவர்களுக்கு 'கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம்' என்ற பெயர் ஞாபகத்தில் இருக்கும். 1833ஆம் ஆண்டு, இராஜகாரிய முறை ஒழிப்பு, நீதிமன்றச் சீரமைப்பு என்றெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்போம். அந்தக் கமரன் யார், அவருக்கு மனைவி பிள்ளைகள் இருந்தார்களா என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. நாமும் கேட்டதில்லை.

அவருடைய கல்லறை எமது மலையகத்தில்தான் இருக்கிறது. ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போனால் வரும் பொகவந்தலாவையில், சென் மேரிஸ் தேவாலய வளவுக்குள் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பக்கத்தில் அவரது மனைவி ஜூலியா மார்கரட் கமரன். இன்று உலகம் அதிகமாக நினைவில் வைத்திருப்பது கணவனை அல்ல, மனைவியைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் அவர். (பெயர் கமரன், தொழில் கமரா. தமிழில் எழுதும்போதுதான் இந்தப் பொருத்தம் கண்ணில் படுகிறது!)

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1838இல் தன்னைவிட இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் கமரனை மணந்தார். சார்ள்ஸ் அதற்கு முன்பே இலங்கைக்கு வந்து, ஆணைக்குழு வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் இந்த மண்ணின் மீதிருந்த ஆசை மட்டும் அவரை விடவில்லை. இங்கே காணிகள் வாங்கிக் கோப்பி பயிரிட்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் வைட் தீவில் குடும்பம் குடியிருந்த வீட்டுக்கும் 'டிம்போலா' என்றே பெயர். எமது டிம்புள்ளதான் அது.

ஆறு பிள்ளைகளைப் பெற்று, அநாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்த ஜூலியா, 48 வயதுவரை கமராவைத் தொட்டவரில்லை. 1863இல் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்ற எண்ணம்தான். அம்மாவோ கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கி, கைகளெல்லாம் வெள்ளி உப்பின் கறையோடு வேலையில் இறங்கிவிட்டார். விஞ்ஞானி டார்வினும் கவிஞர் டெனிசனும் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்ணும் அதே கதிரையில் உட்கார்ந்தாள்.

1873இல் அந்த மகள் பிரசவத்தில் இறந்துபோனாள். இரண்டு வருடம் கழித்து, 1875 ஒக்டோபரில், தம்பதியர் இருவரும் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். அப்போது ஜூலியாவுக்கு 60 வயது, சார்ள்சுக்கு 80. மகன்மார் இங்கே இருந்தார்கள், தோட்டம் இங்கே இருந்தது, கையில் பணமும் குறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழவரின் ஆசை. ஜூலியாவின் சிநேகிதர்களும், பெயர் வாங்கித் தந்த தொழிலும், மகளின் புதைகுழியும் அங்கேயே நின்றுவிட்டன. ஏச்சுப் பேச்சு எதுவுமில்லாமல், கணவனின் விருப்பம் என்ற ஒன்றுக்காகவே ஒரு பெண்ணின் ஊர் மாறிப்போவது எங்களுக்குப் புதிய கதையல்ல.

அவர்கள் கொண்டுபோன சாமான்களைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். ஒரு பசு. கமராவும் கண்ணாடித் தட்டுகளும். அத்தோடு இரண்டு சவப்பெட்டிகள். போகிற இடத்தில் நல்ல பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற யோசனையில் எடுத்துக்கொண்டார்களாம். வெறும் பெட்டியை ஏற்றுவானேன் என்று பீங்கான் கோப்பைகளையும் கண்ணாடிச் சாமான்களையும் அதற்குள் அடுக்கிவிட்டார் ஜூலியா. எந்த ஊர்ப் பெண்ணுக்கும் இருக்கிற சிக்கனம் இது. துறைமுகத்தில் பெட்டி தூக்கியவர்களுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாததால், தான் எடுத்த படங்களைக் கொடுத்து அனுப்பினார் என்றும் சொல்வார்கள்.

இங்கே அவர்களுடைய வாழ்க்கை களுத்துறைக்கும் மலைத்தோட்டத்துக்கும் இடையில் கழிந்தது. களுத்துறையில் மகன் ஹாடிஞ் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். மலைக்குப் போவதென்றால் அந்நாளில் சுலபமல்ல. 1874இல் நாவலப்பிட்டி வரைக்கும்தான் ரயில் வந்திருந்தது. ஹற்றனுக்கு அது வந்து சேர 1884 ஆயிற்று. மீதித் தூரத்தை வண்டியிலும் குதிரையிலும்தான் கடக்க வேண்டும். எண்பது வயதுக் கிழவரோடு அந்த ஏற்றத்தில் போய் வந்த பெண்ணின் மனத்திடத்தை நினைத்துப் பாருங்கள்.

மரியன் நோர்த் என்ற ஓவியர் களுத்துறை வீட்டில் அவர்களுடன் சில நாள் தங்கியிருந்தார். தான் கண்டதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியும் வைத்தார். சுவர் தெரியாதபடி படங்கள், எங்கும் புத்தகங்கள். முயலும் அணிலும் மைனாவும் பயமில்லாமல் வீட்டுக்குள் ஓடித் திரிந்தன. வாசலில் ஒரு மான். தோளில் விழும் வெள்ளை முடியோடு நிமிர்ந்து நடமாடினார் சார்ள்ஸ். ஜூலியா அணிந்திருந்த பச்சைச் சால்வை அழகாக இருக்கிறது என்று விருந்தாளி சொல்லிவிட்டார். உடனே கத்தரிக்கோலை எடுத்துச் சால்வையை மூலைக்கு மூலை இரண்டாக வெட்டிப் பாதியைக் கையில் கொடுத்துவிட்டாராம். அதே விருந்தாளிக்குக் கம்பளித் துணியைச் சுற்றிவிட்டு, தென்னோலைகளுக்கு நடுவில், உச்சி வெயிலில் நிறுத்திப் படம் எடுக்கவும் செய்தார். அன்பும் தொல்லையும் ஒன்றாகக் கலந்த மனுஷி.

இங்கிலாந்தில் எடுத்ததுபோல் இங்கே அவரால் அதிகம் படம் எடுக்க முடியவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கழுவி முடிக்க வேண்டும். எமது வெக்கையில் எவ்வளவு நேரம் ஈரம் நிற்கும்? அவர் இலங்கையில் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள். வேலையாள் ஒருவரின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காக, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் வற்புறுத்தினாராம் ஜூலியா. வீட்டில் தோட்டமே இல்லை. தோட்டக்காரர் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கும் தெரியாது. இதையும் மரியன் நோர்த்தான் எழுதியிருக்கிறார்.

அந்த முதுகுக்குச் சொந்தக்காரரின் பெயர் என்ன? எங்கும் இல்லை.

இன்னொரு படத்தின் கீழே ஜூலியா தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். களுத்துறைக் குடியானவர்கள் என்றும், சிறுமிக்கு 12 வயது என்றும், கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் அது சொல்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், கிழவர் சொன்னதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு எழுதியும் வைத்திருக்கிறார். பெயரை மட்டும் எழுதவில்லை. டார்வினின் படத்தில் டார்வின் என்று எழுதிய அதே கை இது. ஜூலியா மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த இடத்தில் மனம் கசக்கிறது.

அதே காலத்தில் கடல் கடந்து வந்த வேறு தம்பதியரும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு ஏறினார்கள். கோப்பி பழுக்கும் மாதங்களில் வேலை செய்து, கையில் நாலு காசோடு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்பதுதான் அவர்களுடைய எண்ணமும். வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்கு எந்தப் பெட்டியும் இருக்கவில்லை. 1869இல் கோப்பி இலையில் கண்ட நோய் பின்னர் தோட்டங்களை அழித்துவிட, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவமில்லை. வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கப் பெண்களின் கை வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினார்கள். விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டு, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஏறுவது, அந்தியில் ஒரே அறைக்குள் அடுப்பும் படுக்கையும். போய் வரலாம் என்று வந்தவர்களின் அன்றாடம் அதுவாகிப்போனது. அவர்களுடைய பெயர் செக்ரோலில் இருந்தது, படம் இருக்கவில்லை.

பல குடும்பங்களில் முதன்முதலாகப் படம் எடுத்ததே, 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்தபோதுதான். 1977இலும் 1983இலும் அடித்துத் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறியவர்கள் கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களே 2009இல் மறுபடியும் முள்ளிவாய்க்கால்வரை நடந்தார்கள். கல்யாண அல்பத்தைப் பதுங்குகுழியில் விட்டவர்கள், நீரேரியைக் கடக்கையில் நனைத்துவிட்டவர்கள் எங்களுக்குள்ளே எத்தனை பேர்! காணாமல் போனவருக்காகப் பதிவுக்குப் போனால் முதலில் கேட்பது படத்தைத்தான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மாரும் மனைவிமாரும் தெருவோரத்தில் பிடித்துக்கொண்டு இருந்ததும் படத்தைத்தான். அந்தப் படங்களில் பெயர் இருந்தது, திகதி இருந்தது.

ஜூலியா 1878இல் ஒருமுறை இங்கிலாந்துக்குப் போய்ச் சிநேகிதர்களைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வருடம் ஜனவரி 26ஆம் திகதி, டிக்கோயாப் பக்கமுள்ள கிளென்கேர்ண் தோட்டத்தில், தடிமன் பிடித்துக் காலமானார். வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் அவரது உடலை மலையிறக்கிக் கொண்டுபோனதாகச் சொல்லப்படுகிறது. சார்ள்ஸ் அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவரோடு போய்ச் சேர்ந்தார்.

உங்களிடம் மிஞ்சியிருக்கிற படங்களை இன்று ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் யார், எந்த ஊர், எந்த வருடம், யாருக்கு என்ன முறை என்று எழுதி வையுங்கள். பேனை மை ஊறி முன்பக்கம் தெரியும், கறுப்புப் பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள், முகம் உரிந்துவிடும். தெரியாத முகம் இருந்தால் வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேளுங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது. "இந்தத் தாத்தா யார் அம்மம்மா?" என்று அவர்கள் கேட்கும்போது கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துவிட்டுக் கதைக்க வேண்டியிருக்கும்.