விவாதத்துக்கு முந்திய மாலை

சம்பந்தி வீட்டாரோடு பேசப் போவதற்கு முன்னால் நம் வீடுகளில் நடக்கும் ஒத்திகையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? "அவர்கள் வைரத்தோட்டுப் பேச்சை எடுத்தால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பாள் அத்தை. "பழைய கதையைக் கிளறினால்?" என்று கவலைப்படுவார் மாமா. "கிளறட்டுமே! சிரித்துக் கொண்டே காபியை நீட்டுங்கள்" என்று பதில் வரும். விட்டுக் கொடுக்கவும் கூடாது; சம்பந்தம் முறிந்து போகவும் கூடாது. இந்தச் சங்கடம் நமக்கு மட்டுந்தான் என்று நினைத்து விடாதீர்கள். அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே தலைவலிதான்.

அங்கே ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைத் தலைவர்கள் நாலு பேர் கதவைச் சாத்திக் கொண்டு முடிவு செய்துவிட முடியாது. ராஜ்யம் ராஜ்யமாகக் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். அதற்கும் முன்னால், ஒரே கட்சியைச் சேர்ந்த அபேட்சகர்கள் ஒரே மேடையில் ஏறி, தேசமே டெலிவிஷனில் பார்த்துக் கொண்டிருக்க, ஒருவரோடொருவர் வாதாட வேண்டும். எதிர்க் கட்சிக்காரரை எப்படி வேண்டுமானாலும் தாக்கலாம். பக்கத்தில் நிற்பவரோ சொந்தக் கட்சிக்காரர். இன்றைக்கு அடித்துவிட்டு நாளைக்கு அவர் வீட்டுப் பந்தியிலேயே உட்கார வேண்டி வரலாம்!

வாருங்கள், 2019-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி மாலைக்குப் போவோம். இடம், பிளாரிடா ராஜ்யத்தில் மயாமி நகரம். ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதம். அபேட்சகர்கள் ஒருவரா, இருவரா? இருபது பேர்! மேடை தாங்காதென்று பத்துப் பத்துப் பேராகப் பிரித்து இரண்டு இரவுகள் வைத்தார்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல 60 விநாடி. மறுபதிலுக்கு 30 விநாடி. அறுபது விநாடியில் நம்மால் கத்தரிக்காய் பேரம் கூட முடிக்க முடியாது. இவர்கள் வைத்தியச் செலவு, குடியேற்றம், துப்பாக்கிச் சட்டம் எல்லாவற்றையும் தீர்த்தாக வேண்டும்.

முதல் இரவு முடிந்துவிட்டது. இன்றைக்கு இரண்டாவது இரவு. பெரிய புள்ளிகளில் முக்கால்வாசிப் பேர் இன்றுதான் மேடையேறுகிறார்கள். ஒவ்வொருவர் மனத்திலும் என்ன கணக்கு ஓடிக் கொண்டிருக்கும்? நாமும் கொஞ்சம் ஊகித்துப் பார்ப்போமே!

முதலில் ஜோ பைடன். வயது 76. ஒபாமாவிடம் எட்டு வருஷம் உதவி ஜனாதிபதியாக இருந்தவர். கருத்துக் கணிப்புகளில் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர். அப்படிப்பட்டவருக்கு நீங்களானால் என்ன யோசனை சொல்வீர்கள்? "யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். டிரம்பைத் திட்டுங்கள். ஒபாமா பெயரை அடிக்கடி சொல்லுங்கள். வந்த வழியே பத்திரமாக இறங்கி வாருங்கள்" என்றுதானே? நியாயம். ஆனால் மனிதர் ஒன்பது நாளைக்கு முன்பு ஒரு காரியம் செய்திருந்தார். நிதி திரட்டும் கூட்டமொன்றில், இன ஒதுக்கலை ஆதரித்த பழைய செனட்டர்களோடு கூடத் தாம் மரியாதையாகப் பழகி வேலை செய்ததைப் பெருமையாகச் சொல்லிவிட்டார். காலோடு போகிற பாம்பைக் கையால் பிடித்த கதை!

பெர்னி ஸாண்டர்ஸ் விஷயத்தில் ஊகிக்க ஒன்றுமில்லை. பல வருஷங்களாகச் சொல்லி வருவதையே இன்றும் சொல்வார். அவருக்கு யுக்தியே தேவையில்லை.

பீட் புட்டஜஜ் நிலைமைதான் பரிதாபம். வயது 37, ஸௌத் பெண்ட் என்ற சிறிய நகரத்தின் மேயர். பதினொரு நாளைக்கு முன்பு அவருடைய ஊரில் ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் சுட்டு ஒரு கறுப்பர் இறந்து போனார். ஊரே கொதித்துக் கொண்டிருந்தது. "உங்கள் போலீஸ் படையில் ஏன் கறுப்பர்கள் இவ்வளவு குறைவு?" என்று நிச்சயம் கேட்பார்கள். சமாளிப்பதா, தப்பை ஒப்புக் கொள்வதா? அதை அப்புறம் பார்ப்போம்.

இனி வருகிறவர் நமக்குச் சற்று வேண்டியவர். கமலா ஹாரிஸ், வயது 54. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். 1958-ல், பத்தொன்பதாவது வயதில், தன்னந்தனியாகக் கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனவர். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை அப்படி அனுப்பி வைத்த தகப்பனாரின் துணிச்சலை என்னவென்பது! தாத்தா பி. வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். கமலாவின் தந்தையோ ஜமெய்க்காக்காரர். 2020-ல் கட்சி மாநாட்டில் பேசும்போது, குடும்பத்தாரைச் சொல்லி வருகையில் 'சித்திகள்' என்று தமிழிலேயே அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

கமலாவின் கணக்கு என்ன? அவர் வக்கீல், கூண்டில் நிற்பவரைக் கேள்வி கேட்டே மடக்கிப் பழகியவர். முன்னால் ஓடுகிறவரை இடறிவிட்டால்தான் பின்னால் வருகிறவருக்கு வழி. பைடனிடமோ ஒரு பழைய கதை இருக்கிறது. கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பதற்காக, குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று அமெரிக்காவில் இருந்தது. மத்திய சர்க்கார் அதைக் கட்டாயமாக்குவதை 1970-களில் பைடன் செனட் சபையில் எதிர்த்தார். கமலாவோ பெர்க்லி நகரில் அதே மாதிரி பஸ்ஸில் பள்ளிக்குப் போன குழந்தை!

ஆயுதம் கையில் தயார். அதை எடுப்பதா, வேண்டாமா என்பதுதான் கஷ்டம். காரணம், பைடனின் மூத்த பிள்ளை போ பைடன் கமலாவின் சிநேகிதர். அவர் டெலவேருக்கும் இவர் கலிபோர்னியாவுக்கும் அட்டார்னி ஜெனரலாக ஒரே சமயத்தில் இருந்தவர்கள். 2015-ல் அந்தப் பிள்ளை புற்றுநோயில் இறந்து போனார். மகனுடைய தோழி என்ற பாசம் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. நீங்களானால் என்ன செய்திருப்பீர்கள்? என்னைக் கேட்டால், நான் தயங்கியிருப்பேன். அதனால்தான் நான் இங்கே கட்டுரை எழுதிக் கொண்டிருக்கிறேன்!

கமலா தயங்கவில்லை. முதலில் எல்லோரும் ஒரே சமயத்தில் கூச்சலிட்டபோது, 'ஜனங்கள் நம் சாப்பாட்டுச் சண்டையைப் பார்க்க விரும்பவில்லை. தங்கள் வீட்டு மேஜைக்குச் சாப்பாடு எப்படி வரும் என்றுதான் அறிய விரும்புகிறார்கள்' என்று ஒரு போடு போட்டார். சபை ஆர்ப்பரித்தது. (அந்த வாக்கியம் அந்த நிமிஷத்தில் உதித்தது என்று நீங்கள் நம்பினால் நான் குறுக்கே நிற்கவில்லை.) பிறகு பைடன் பக்கம் திரும்பினார். 'உங்களை இனவெறியர் என்று நான் நினைக்கவில்லை' என்று ஆரம்பித்து, பழைய செனட்டர்களைப் பற்றி அவர் பேசியது மனத்தைப் புண்படுத்தியது என்றார். கலிபோர்னியாவில் தினமும் பஸ்ஸில் பள்ளிக்குப் போன ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்லி, அந்தச் சின்னப் பெண் நான்தான் என்று முடித்தார்.

பைடனின் முகம் மாறிவிட்டது. மறுத்தார், விளக்கினார்; கடைசியில் தமக்கு நேரமாகிவிட்டது என்று தாமே நிறுத்திக் கொண்டார். ஒரு கோடியே 81 லட்சம் பேர் பார்த்துக் கொண்டிருந்தார்கள். அன்றிரவே கமலாவின் கோஷ்டியார் இரட்டைப் பின்னலோடு அவர் இருக்கும் சிறு வயதுப் படத்தை வெளியிட்டார்கள். அந்த வாசகம் பொறித்த சட்டைகள் கூட விற்பனைக்கு வந்துவிட்டன! ஒத்திகை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, பார்த்தீர்களா? ஒரே நாளில் 20 லட்சம் டாலர் நன்கொடை குவிந்தது.

மேயர் புட்டஜஜ் என்ன செய்தார்? கேள்வி வந்ததும் சுற்றி வளைக்காமல், 'என்னால் செய்து முடிக்க முடியவில்லை' என்று ஒப்புக் கொண்டார். அன்றைய யுக்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கைதட்டல் குறைவாகக் கிடைத்தால் என்ன?

கமலாவின் வெற்றியும் நீடிக்கவில்லை. "இன்றைக்கும் அந்தப் பஸ் ஏற்பாட்டைக் கட்டாயமாக்க வேண்டுமா?" என்று சில நாளில் பத்திரிகைக்காரர்கள் கேட்க, அவருடைய பதில் தெளிவாக இல்லை, பைடன் சொன்னதற்கு ஏறக்குறைய அருகில் வந்து நின்றது. அடுத்த விவாதம் ஜூலை 31-ந் தேதி டெட்ராயிட்டில். மேடையில் கை குலுக்கும்போது பைடன், "குழந்தாய், என்னைக் கொஞ்சம் மெதுவாகக் கவனி" என்கிற மாதிரி சொன்னது மைக்கில் கேட்டுவிட்டது. ஆனால் அன்று அடிபட்டவர் கமலாதான். அவர் வக்கீலாக இருந்த காலத்துப் பழைய கதைகளை எடுத்துக் கொண்டு துளசி கப்பார்ட் அம்மையார் பாய்ந்துவிட்டார். டிசம்பர் 3-ந் தேதி, ஒரு வோட்டுக் கூடப் பதிவாகும் முன்பே, கையில் பணமில்லை என்று சொல்லிக் கமலா போட்டியிலிருந்து விலகினார்.

பைடன் ஜெயித்துக் கொண்டு போனார். 2020-ல் தமக்கு உதவி ஜனாதிபதியாக ஒருவரைத் தேட வேண்டிய வேளை வந்தது. அந்த மயாமி இரவு வயிற்றில் குத்து விழுந்த மாதிரி இருந்தது என்று அவருடைய மனைவி ஜில் பைடனே அதற்குள் சொல்லியிருந்தார். இனிமேல் கமலாவாவது, பதவியாவது என்றுதானே தோன்றும்?

அந்த வருஷம் ஜூலை 28-ந் தேதி பைடன் பத்திரிகைக்காரர்களைச் சந்தித்தார். அப்போது அவர் கையிலிருந்த குறிப்புத் தாளை ஒரு புகைப்படக்காரர் படம் பிடித்துவிட்டார். மேலே கமலா ஹாரிஸின் பெயர். கீழே பைடனின் கையெழுத்தில் ஐந்தே வரிகள். திறமைசாலி என்று ஒரு வரி. என்னோடும் ஜில்லோடும் பிரசாரத்துக்கு வந்தவர் என்று ஒரு வரி. எல்லாவற்றுக்கும் முதல் வரி, மனத்தில் வன்மம் வைத்துக் கொள்ளக் கூடாது என்பது. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 11-ந் தேதி, கமலாவுக்கு அழைப்பு வந்தது.